முன்னிலை: மஞ்சனாறு

அழைப்பிதழில் முன்னிலை என்று ஒரு வரி உண்டு, அந்த வரியில் இடம்பிடிக்க எங்கள் நல்லமடையில் கைகலப்பே நடந்திருக்கிறது. தலைமை ஒருவர்தான், சிறப்புரை ஒருவர்தான், முன்னிலைக்கு மட்டும் வரம்பு கிடையாது. பேசத் தெரியாதவர்கள், பேச விடக்கூடாதவர்கள், பெயர் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம் அது. மேடையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், நன்றியுரை முடியும்வரை எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் வேலை. மஞ்சனாற்று மரபு மன்றத்தின் ஆடிப்பெருக்கு விழாவுக்குப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முப்பத்தொரு பேர் முன்னிலை வகித்து மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனதால், மன்றத் தலைவர் சபாரத்தினம் சார் போன வருஷம் யார் பெயரையும் போடுவதில்லை என்று முடிவெடுத்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கே வரக்கூடிய ஒரு குறும்போடு அந்த வரியில் 'முன்னிலை: மஞ்சனாறு' என்று அச்சடித்துவிட்டார். யாரும் சண்டைக்கு வரவில்லை. பதினாறு வருஷமாகத் தண்ணீரைக் கண்ணில் காட்டாத ஆற்றோடு யார் போய்ச் சண்டை போடுவது?

அதே அழைப்பிதழின் கடைசி வரியில் 'நன்றியுரை: செல்வி அருள்விழி' என்று இருந்தது. அது நான்தான். பல்கலைக்கழகத்தில் வரலாறு முதுகலை படிக்கிறேன். மேடையில் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தால் நன்றாக இருக்கும் என்று மன்றத்தார் நினைத்தார்கள். வாயாடியாக இருந்தாலும் நன்றியுரையில் என்ன தகராறு செய்துவிடப் போகிறாள் என்றும் நினைத்தார்கள்.

ஆறு ஓடாத ஊரில் ஆடிப்பெருக்கு எப்படி நடக்கும் என்று கேட்கலாம். நடக்கும். ஆற்றின் நடுவில் மணலை ஒதுக்கி, பந்தல்காரரிடம் வாங்கிய நீலப் படுதாவை விரித்து, இரண்டு பக்கமும் மூங்கில் குச்சி நட்டு, கூட்டம் நெருக்காமல் இருக்கத் தேங்காய்நார்க் கயிறு கட்டி, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்கள் ஆடிவரை பத்திரப்படுத்தி வைத்த காய்ந்த மாலையை அந்த முழங்கால் தண்ணீரில் விட்டு, தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துக் கும்பிட்டுப் போவார்கள். மறுநாள் படுதாவைச் சுருட்டும்போது அத்தனை மாலையும் ஒரு குவியலாக மணலில் கிடக்கும். மாலை ஓடுகிற தண்ணீரில் போக வேண்டும் என்பதுதான் வழக்கம். ஓடாத தண்ணீரில் விட்ட கல்யாணங்கள் எங்கள் ஊரில் பதினாறு வருஷமாக நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

தண்ணீர் லாரியும் படுதாவும் யார் உபயம் என்றால், மன்றத்தின் புரவலர் தணிகாசலம். ஆற்று மணலை அள்ளிய ஒப்பந்தக்காரர். மேற்கே அவர் தோண்டிய குழிகளில் பனைமரத்தை நட்டால் தலை மட்டும்தான் தெரியும். ஆற்றை அள்ளியவர் ஆற்றுக்கு விழா எடுப்பது எந்த ஊர் நியாயம் என்று மன்றக் கூட்டத்தில் நான் கேட்டேன். "அவரு எடுக்கலேன்னா யாரும்மா எடுப்பா?" என்றார் சபாரத்தினம் சார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சார் அதற்குள் டீ சொல்லிவிட்டார்.

அந்த ஆடிப் பதினெட்டில் மூன்று மணி ஆகியும் தண்ணீர் லாரி வரவில்லை. விழா தொடங்கட்டும், அதற்குள் வந்துவிடும் என்றார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் செயலாளர் வரவேற்புரைக்கு எழுந்து, அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, தலைமை வகிக்கும் இன்னாரை வருக வருக என வரவேற்கிறேன், சிறப்புரை ஆற்றும் இன்னாரை வருக வருக என வரவேற்கிறேன் என்று ஒவ்வொரு வரியாக வந்து, அதே மூச்சில், "முன்னிலை வகிக்கும் மஞ்சனாற்றை வருக வருக என வரவேற்கிறேன்" என்றார். ஆறு வந்தது.

இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் வந்தது. மேற்கே கயிறு தொடங்கும் இடத்தில் மணலுக்குள்ளிருந்து எழுந்து, நுரையும் சருகுமாக, புதுத்தண்ணீருக்கே உரிய செம்மண் நிறத்தில், படுதாவைச் சுருட்டி எறிந்துவிட்டு, கிழக்கே கயிறு முடியும் இடம்வரை ஓடி, அங்கே மணலுக்குள் இறங்கிப் போய்விட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டுக் கூடச் சிதறவில்லை. "லாரி வந்துட்டா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, "ஆறே வந்துட்டு" என்று முன்வரிசையில் சொன்னார்கள், "அப்ப சரி" என்று அவர்கள் மறுபடியும் பேச உட்கார்ந்தார்கள். பெண்கள் மாலைகளை விட்டார்கள். மாலைகள் ஓடின. மேடையில் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தியபோது முன்னிலைக்கும் போர்த்த வேண்டும் அல்லவா, சபாரத்தினம் சார் இறங்கி வந்து ஒரு பொன்னாடையைத் தண்ணீர்மேல் விரித்தார். அது மிதந்துபோய்க் கீழே கயிற்று முடிச்சில் சிக்கிக்கொண்டது. செயலாளர் அதை எடுத்துப் பிழிந்து, அடுத்த விழாவுக்கு ஆகும் என்று மடித்து வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து என் முறை வந்தது. கையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். முதல் வரியே, 'மஞ்சனாற்றின் தவப்புதல்வர், வள்ளல், புரவலர் தணிகாசலம் ஐயா அவர்களுக்கு நன்றி' என்று இருந்தது. நான் தாளை மடித்தேன்.

"இத நான் சொல்ல மாட்டேன் சார்."

"ஏம்மா, ரெண்டு நிமிஷ வேலம்மா."

"ரெண்டு நிமிஷமா இருந்தாலும் பொய் பொய்தானே சார்? எதுக்கு நன்றி? அள்ளுனதுக்கா?"

மைக் திறந்திருந்தது. ஊரே கேட்டது. தணிகாசலம் சிரித்துக்கொண்டே, "விடுங்க சார், சின்னப் புள்ள, கோவம் போனதும் சொல்லும்" என்றார். நான் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நன்றியுரை சொல்லாமல் நாட்டுப்பண் எப்படிப் பாடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் ஆறு அப்படியே நின்றிருந்தது. ஓடவில்லை, வடியவில்லை, ஏர் கட்டிய மாடு மாதிரி நின்றிருந்தது. மைக்செட் பாக்கியநாதன் சாமான்களைக் கழற்றலாம் என்று வந்து முதல் ஒயரை உருவினார், தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. திரும்ப மாட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார், தண்ணீர் ஏறி ஓடத் தொடங்கியது. அவர் ஓடிப்போய்ச் சபாரத்தினம் சாரை எழுப்ப, சார் பல்குச்சியோடு வந்து பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்: "முன்னிலை வகிக்கிறவங்க கூட்டம் முடியாம எப்படிப்பா எழுந்து போவாங்க? மரியாதையா இருக்குமா?"

இப்படித்தான் நல்லமடையில் முடியாத விழா தொடங்கியது. யாராவது ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தால் ஆறு ஓடியது. பொழுது சாய்ந்ததும் "இடைவேளைக்குப் பிறகு நிகழ்ச்சி தொடரும்" என்று அறிவித்துவிட்டால், அந்த வார்த்தையை நம்பி விடியும்வரை நின்றது. காலையில் மைக்கைத் தட்டியதும் புறப்பட்டது. எவ்வளவு பேசினோம் என்று இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. முதல் வாரம் படித்தவர்கள் பேசினார்கள், அவர்கள் சரக்கு எட்டு நாளில் தீர்ந்துவிட்டது; அதற்குப் பிறகு தையற்காரர் ஊரில் யார் யாருக்கு எந்தத் தோள் இறக்கம் என்று இரண்டு நாள் பேசினார், தபால்காரர் வந்து சேராத கடிதங்களைப் பற்றிப் பேசினார், கல்யாண வயதில் திக்குவாய் என்று மூன்று இடத்தில் தட்டிப்போன ஒருவர் ஒரே ஒரு வாக்கியத்தைக் காலை பத்து மணிக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முடித்தார், அதுவரை தண்ணீர் ஒரு விரற்கடை குறையாமல் போனது; பட்டிமன்றம் நடத்தினார்கள், நடுவர் மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு; இரண்டு கல்யாணமும் ஒரு வளைகாப்பும் நிகழ்ச்சி நிரலில் சேர்ந்தன; மேலத்தெருவில் பேச்சை விட்டு இருபது வருஷமான ஓர் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து மைக்கில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள், அந்த இரண்டு நாளும் ஆறு நுரைத்துக்கொண்டு போனது. விசாரிக்க வந்த ஓர் அதிகாரி அரை மணி நேரம் கேட்டிருந்துவிட்டு, 'நிகழ்ச்சி நடைபெற்று வருகிறது' என்று எழுதிக்கொண்டு, தன் பங்குக்குக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார்.

கயிற்றை எங்கே கட்டினால் ஆறு அங்கே போகும் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. கயிறு முதலில் யார் வயலுக்குப் போகும் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மேலத்தெருக்காரர்கள் வயலுக்குப் போனது. போர்த் தண்ணீரில் நட்டு, போர் காற்று வாங்கத் தொடங்கிய பயிர்களெல்லாம் நிமிர்ந்தன. கடைமடை, கீழக்காலனிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலங்கள், கடைசியில் பார்க்கலாம் என்றார்கள். நான் விடவில்லை. மன்றக் கூட்டத்தில் மேசையைத் தட்டினேன்; ஆறு எல்லாருக்கும் முன்னிலையா, மேலத்தெருவுக்கு மட்டும் முன்னிலையா என்று கேட்டேன்; கேட்டதோடு நிற்காமல் நானும் நாலு பெண்களும் கயிற்றை வாங்கிக்கொண்டுபோய்க் கடைமடைவரை குச்சி நட்டோம். கடைசிக் குச்சி பவுனக்கா வயலில்.

பவுனக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் கேரளாவுக்குக் கொத்து வேலைக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். முக்கால் ஏக்கர் குத்தகை நிலம், நாலு வருஷமாகத் தரிசு. இந்த வருஷமும் விளையாவிட்டால் நிலத்தை விட்டுவிடச் சொல்லியிருந்தார்கள், அப்புறம் திருப்பூர்தான் என்று அக்காவே சொல்லியிருந்தாள். அவள் ஆற்றைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏன் பாப்பா, இது எம்மாம் நாளைக்கு ஓடும்?"

"நான் நன்றி சொல்ற வரைக்கும்."

"நீ எப்பச் சொல்லுவ?"

"சொல்லவே மாட்டேன். அந்த ஆளுக்கு நான் ஏன் சொல்லணும்?"

"அந்த ஆளு கெடக்கட்டும்டி. எங்கிட்ட அறுபதாங்குறுவை வெத இருக்கு. வெதச்சா அறுவது அறுவத்தஞ்சு நாளு. நான் வெதைக்கவா?"

"வெதைங்கக்கா. நீங்க அறுத்து அடிச்சுத் தூத்தற வரைக்கும் என் வாயிலேர்ந்து நன்றிங்கற வார்த்தை வராது."

"ஒன் வாய நம்பித்தான் வெதைக்கறேன்" என்று சிரித்தாள் அக்கா. "ஊரே பயப்புடற வாயாச்சே."

விதைத்தாள். முளைத்தது. அவளும் மத்தியான முறையில் வந்து பேசுவாள், ஆண்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயரும் வெயில் நேரம் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தது. மற்றவர்கள்போல அக்கா கதை சொல்லமாட்டாள். "இன்னிக்கு மூணாவது எல", "இன்னிக்குக் கோரை பறிச்சேன்", "இன்னிக்குத் தூர் கட்டியிருக்கு" என்று ஆரம்பித்து, முக்கால் ஏக்கரையும் சாண் சாணாகச் சொல்லிக்கொண்டே போவாள். ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்துச் சொல்லுவாள். ஆறு அவளுக்கு மட்டும் சத்தமில்லாமல் ஓடும்.

முப்பது நாள் ஆனதும் ஊருக்கு அலுத்துவிட்டது. ஆற்றைப் பார்க்கச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வருவது நின்றது. கொசு என்றார்கள், மைக் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்றார்கள், மேலத்தெருவில் அறுப்பு முடிந்ததும் வெளிப்படையாகவே கேட்டார்கள். "விழான்னா முடியணும்ல? ஒரு நல்ல நாளாப் பாத்து நன்றியச் சொல்லிடு தாயி" என்று என் அம்மாவிடமே வந்து சொல்லிப்போனார்கள். அம்மா என்னிடம், "ஆத்த நிப்பாட்டி வெச்சவள எவன்டி கட்டுவான்?" என்றாள். கடைமடைக்கு இன்னும் ஒரு மாசம் வேண்டும் என்றேன். கடைமடை என்றதும் பேச்சு மாறிவிடும். பேச ஆள் குறைந்தது. நானும் பல்கலைக்கழகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, என் பாடப்புத்தகத்தையே முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை தணிகாசலம் வந்தார். ஆற்றின் கயிறுகள் அவருடைய குவாரிப் பாதையை நடுவில் வெட்டிக்கொண்டு போயின. தண்ணீர் ஆழமில்லைதான், ஆனாலும் நடந்துகொண்டிருக்கும் விழாவுக்குள் லாரியை விட எந்த ஓட்டுநரும் சம்மதிக்கவில்லை. ஒன்றரை மாதமாக வேலை நின்றிருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "எனக்கும் ஒரு முறை குடுங்க, நானும் ஊர்க்காரன்தானே?" என்றார். மறுக்க என்ன நியாயம் இருக்கிறது?

அவர் நன்றாகப் பேசினார். அதுதான் கொடுமை. பல நாட்களுக்குப் பிறகு நாற்காலிகள் நிறைந்தன. ஆற்றுக்குப் படுக்கை வேண்டாமா, அதைத் தோண்டிக் கொடுத்தவன் நான் என்றார். படுதா விரித்தவன் நான், கயிறு கட்டியவன் நான், அந்த மரியாதைக்குத்தான் ஆறு வந்தது என்றார். பதினாறு வருஷம் ஒரு மகன் தாய்க்குச் செய்கிற மாதிரி விழா எடுத்தேன், தாய் மனமிரங்கி வந்தாள் என்றார். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம அருள்விழி படிச்ச புள்ள. வரலாறு படிக்குது. ஆறு யாரால வந்துச்சின்னு நான் சொல்லிட்டேன். இல்லேன்னா அது வந்து சொல்லட்டும். தங்கச்சி பேசறதுக்கு நான் என்னிக்குமே தடை சொன்னதில்லை."

சபாரத்தினம் சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் பார்த்தேன். பொய் ஒன்று மைக்கில் ஏறி, கூம்புக் குழாய் வழியாக ஊர் முழுக்கப் போய், நாளைக்கு வரலாறு என்று உட்கார்ந்துகொள்ளப் போகிறது, அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருப்பதா? அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தால் போதும், மற்றது எதுவும் பேசலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"ஆறு யாரால ஓடுதுன்னு நான் சொல்றேன்" என்றேன். "நாப்பத்தெட்டு நாளா விடியக்காலம் வந்து மைக்கைத் தட்டுன பாக்கியநாதன் அண்ணனால ஓடுது. ஒரே வாக்கியத்த அரை நாளாச் சொன்ன நம்ம சித்திரைவேலு அண்ணனால ஓடுது. தோள் இறக்கம் சொன்ன தையக்காரராலயும், வராத கடுதாசியச் சொன்ன தபால்காரராலயும் ஓடுது." நாற்காலிகளில் தலைகள் நிமிர்ந்தன. பெயர் சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. பந்தல் போட்டவர் பெயரைச் சொன்னேன். பேசுகிறவர்களுக்கு மோர் கரைத்துக் கொண்டுவந்தவர்கள் பெயரைச் சொன்னேன். கடைமடைக்கு என்னோடு குச்சி சுமந்த நாலு பெண்களையும் அப்பன் பெயரோடு சொன்னேன். எந்த விழாவிலும் யாரும் சொல்லாத பெயர்கள். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் இன்னாரால் இது நடந்தது, இன்னாரால் அது நடந்தது என்று வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு போனால், அதற்குப் பெயர் என்ன என்று பிறந்த குழந்தைக்கும் எங்கள் ஊரில் தெரியும். ஆற்றுக்கும் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு பெயருக்கும் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. பின்னால் கூச்சல் கேட்டது. கைதட்டல் என்று நினைத்தேன் என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். முதலில் அப்படித்தான் நினைத்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: நான் திரும்பிப் பார்த்தேன். முழங்காலளவு ஓடியது கணுக்காலளவுக்கு வந்திருந்தது. குச்சிகளில் ஈரத்தின் கோடு மேலே நின்றது, தண்ணீர் கீழே நின்றது. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு பெயர் மீதி இருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தக் கணுக்கால் தண்ணீராவது நின்றிருக்கும். ஆனால் தணிகாசலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் பாதியில் நிறுத்தினால் தோற்றேன் என்று ஆகிவிடும் என்று தோன்றியது, அத்தனை பேரைச் சொல்லிவிட்டு அவளை விட்டால் அது எந்த நியாயத்தில் சேரும் என்றும் தோன்றியது. இரண்டில் எது முதலில் தோன்றியது என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"கேக்க ஆளே இல்லாத வெயில்ல, தெனம் தெனம் தன் பயிரச் சொல்லி இந்த ஆத்த ஓட வெச்ச கீழக்காலனி பவுனம்மாளால ஓடுது" என்றேன்.

தணிகாசலம் எழுந்தார். கைகளை இரண்டு பக்கமும் நேராக வைத்துக்கொண்டு நாட்டுப்பண்ணுக்கு நிற்பதுபோல நின்றார். அவரைப் பார்த்து முன்வரிசை எழுந்தது, அதைப் பார்த்துப் பின்வரிசை எழுந்தது, யோசித்து எழுந்தவர்கள் யாரும் இல்லை, பழக்கத்தில் எழுந்தார்கள். யாரோ பாடத் தொடங்கினார்கள். பாடி முடித்ததும் அதே பழக்கத்தில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இரண்டு கயிறுகளுக்கு நடுவில், மேற்கே தொடங்கிக் கடைமடைவரைக்கும், ஈர மணல் மட்டும் கிடந்தது. அதையும் ஒரு மணி நேரத்தில் வெயில் எடுத்துக்கொண்டது.

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். "அப்பாடா, சத்தம் ஓஞ்சுது" என்றார்கள். பெயர் சொல்லப்பட்டவர்கள் வழியில் பார்த்து, "நல்லாப் பேசினம்மா" என்றார்கள். பாக்கியநாதன் அண்ணன் மறுநாளும் அதற்கு மறுநாளும் போய் மைக்கைத் தட்டிப் பார்த்தார். லாரிகள் ஓடத் தொடங்கின. நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டேன். இந்த வருஷம் அழைப்பிதழில் மறுபடியும் 'முன்னிலை: மஞ்சனாறு' என்று போட்டு, வருக வருக என்று மூன்று முறை வரவேற்றோம், தண்ணீர் லாரிதான் வந்தது. நன்றி சொல்லி அனுப்பிவைத்த விருந்தாளி மறுபடி எதற்கு வரும்?

பவுனக்காவைப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. வானமும் அந்த இரண்டு வாரம் ஒரு தூறல்கூடப் போடவில்லை. போனபோது அக்கா அறுத்துக்கொண்டிருந்தாள். பால் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் நின்ற பயிர். கதிர்கள் தலை சாயாமல் விறைத்துக்கொண்டு நின்றன. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். கையில் ஒன்றும் நிற்கவில்லை, எல்லாம் பதர்.

"மாட்டுக்காவது ஆவும்" என்றாள் அக்கா, நிமிராமல். "மாட்ட வாங்கிக்கறவன் வைக்கோலும் சேத்துக் கேட்டான்."

"எப்பக்கா கெளம்பறீங்க?"

"தையலு கம்பெனில வேன் அனுப்புறேன்னிருக்காங்க. செவ்வாக்கெழம." நாலு அரி அறுத்துப் போட்டுவிட்டு, "மைக்குல எம் பேரச் சொன்னியாமே" என்றாள்.

"சொன்னேன்க்கா."

"பவுனம்மான்னா, பவுனுன்னா?"

"பவுனம்மாள்னு."

"ம். கடைசியாவா?"

"கடைசியாத்தான்."

அக்கா அரிவாளை நெல் தாளில் துடைத்தாள். "அதுக்கு முந்தி கணுக்கால் தண்ணி இருந்துச்சின்னு மைக்செட்டுக்காரரு சொல்றாரு."

உருவிய கதிரின் வெறுங்காம்பை நான் கீழே போட்டேன்.

"கணுக்கால் தண்ணி போதும்டி, எனக்கு மூட்ட மூட்டயா வெளஞ்சிருக்கும். நெல்லு என்ன, நீச்சலா அடிக்கப் போவுது?"

கோபமாகச் சொல்லவில்லை, பயிரைப் பற்றி மைக்கில் சொல்லுவாளே அந்தக் குரலில்தான் சொன்னாள். எனக்குள் பத்துப் பதில்கள் வரிசையில் வந்து நின்றன. பொய்யை மறுக்காமல் விடலாமா என்பது, உன் பெயரை மட்டும் எப்படி விடுவது என்பது, அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லையே என்பது. ஒவ்வொன்றும் நியாயமான பதில். எந்தக் கூட்டத்திலும் நின்று ஜெயிக்கக்கூடிய பதில். வரப்பிலிருந்து இறங்கி, கிடந்த அரிகளை வாரிச் சேர்த்தேன். அக்கா வைக்கோல் பிரியை முறுக்கிப் போட, இரண்டு பேரும் முழங்காலால் அழுத்திக் கட்டினோம்.

"தூக்கி வுடு" என்று சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றாள்.

சிறுவயதில் அப்பாவோடு களத்துக்குப் போய்க் கட்டுத் தூக்கிவிட்டவள் நான். நெற்கட்டின் கனம் என் இடுப்புக்குத் தெரியும். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, அந்தக் கனத்துக்கு வேண்டிய பலத்தையெல்லாம் கொடுத்துத் தூக்கினேன். கட்டு என் கையை மீறிக்கொண்டு, அவள் தலையையும் தாண்டி மேலே போய்விட்டது. அக்கா இரண்டு கையையும் உயர்த்தி அதைப் பிடித்து, இறக்கி, தலையில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவாடி" என்றாள்.